சக்கரத்தில் எந்தக் கோடு

என் கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், செல்லங்களா. இந்தக் கதையில் நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் ஆரம்பம். எழுபதைத் தாண்டியும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள் நான். இதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், கடையில் வரிசையில் நிற்கிறவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், இவர்களிடம் மட்டும்தான் சொல்வேன்.

தொழில் தையல். அதனால் கோடு என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். வெட்டுகிற கோடு, தைக்கிற கோடு, மடிக்கிற கோடு என்று துணிமேல் சாக்கட்டியால் நான் இழுத்த கோடுகளை நீட்டிக் கட்டினால் நிலாவுக்கே துணி உலர்த்தக் கொடி கட்டலாம். அப்படிப்பட்டவளை ஓர் இரும்புச் சக்கரம், அதில் வெட்டியிருந்த இரண்டே இரண்டு கோட்டை வைத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் முழுக்கக் கேலி செய்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தங்கைக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பள்ளத்தை அகலப்படுத்திக் குளமாக்கினாள், மீன்குஞ்சு விட்டாள். தெருவே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது யார் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

"கண்ணாடித் தொட்டியில விட்ட மீனே உங்கிட்ட ஒரு வாரம் தங்கலையேடி" என்று நான்தான் சொன்னேன். அவள் விடிந்ததும் தீவனத்தைக் கலக்கிக்கொண்டு குளத்துக்குப் போய்விடுவாள். சிரித்தவர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள், மீன்கள் வளர்ந்தன. நான் சொல்கிற சமயத்தில் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இன்னும் சில நாளில் வலை போட வேண்டும். அவளுடைய முதல் வலை.

அப்போது பார்த்து வானம் மூடிக்கொண்டது.

மீனுக்கும் மூச்சு வேண்டும் என்பது அவள் குளம் வெட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். வெயில் இல்லாத நாள்களில் தண்ணீரில் காற்று குறைந்துவிடுமாம். இரவு ஏற ஏற இன்னும் குறையும். விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற குழந்தைகள் மாதிரி, வாயைத் திறந்து திறந்து மூடும். கவனிக்காமல் விட்டால் அடுத்த நாள் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதற்காகத்தான் குளக்கரைக் கொட்டகையில் ஒரு டீசல் இன்ஜின் வைத்திருந்தாள். அது குளத்துத் தண்ணீரையே இழுத்து, ஓட்டை போட்ட ஒரு நீளக் குழாய் வழியாக மேலிருந்து மழையாகப் பெய்ய வைக்கும். விழுகிற தண்ணீர் காற்றையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

இன்ஜினுக்கு டீசல் தள்ளுகிற சின்ன பம்ப் ஒழுகியது. பட்டறைக்கு அனுப்பி, பழுது பார்த்து வாங்கிவந்தாகிவிட்டது. தங்கையின் வீட்டுக்காரர்தான் அதை மாட்ட வேண்டும். இன்ஜின் விஷயத்தில் மனிதர் கெட்டிக்காரர். ஆனால் அவருக்கு முந்தின நாள்தான் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஒரு கண்ணில் கட்டு, அதன்மேல் கறுப்புக் கண்ணாடி. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தூசி படக் கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், அவர் வேறொரு ஊரில் படகு இன்ஜின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மத்தியானம் வருகிறேன் என்றார்.

அன்று விடியற்காலையிலேயே மீன்கள் மேலே வந்துவிட்டிருந்தன. நாளை மத்தியானம் வரைக்கும் அவை காத்திருக்காது.

சின்னவள் தானே ஸ்பேனரை எடுத்துப் பம்பை மாட்டிவிட்டாள். அந்த விஷயத்தில் அவள் கை சுத்தம். பிறகுதான் எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போகும்போது அவளுடைய வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் துண்டுமாக, ஓய்வுபெற்ற சினிமா வில்லன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா. டைமிங் ஒண்ணு பார்க்கணும். எனக்குக் கண்ணு இல்ல, இவளுக்குக் கண்ணாடி போட்டாலும் கிட்டத்துல இருக்கிறது தெரியாது. நீங்கதான் ஊசில நூல் கோக்கறவங்களாச்சே."

பாருங்கள், நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்றேன் அல்லவா? விஷயம் எப்படித்தான் பரவுகிறதோ.

"சொல்லுங்க மாப்ள, என்ன பார்க்கணும்?" என்று கையை மடித்துவிட்டேன்.

"இதோ இந்தப் பெரிய சக்கரம் இருக்குல்ல, ஃப்ளைவீல், அதோட விளிம்புல ரெண்டு கோடு வெட்டியிருப்பாங்க. ஒண்ணு, பிஸ்டன் உச்சிக்கு வந்துடுச்சுன்னு சொல்ற கோடு. இன்னொண்ணு, டீசல் பாய வேண்டிய நேரத்தைச் சொல்ற கோடு. சுத்தும்போது டீசல் கோடுதான் முதல்ல வரும். பிஸ்டன் மேல வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே டீசல் உள்ள போயிடணும்."

"அதென்ன அவ்வளவு அவசரம் அதுக்கு?"

"வீட்டுக்கு ஆள் வந்து உட்கார்ந்தப்புறமா அடுப்பு பத்த வைப்பீங்க? முன்னாடியே வைக்க மாட்டீங்க?"

"அது யார் வர்றாங்கங்கறதைப் பொறுத்தது" என்றேன். சின்னவள் சிரிக்கவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தொடர்ந்தார். "சக்கரத்துக்கு மேல ஒரு முள்ளு நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க. பம்போட வாயில டீசல் எப்போ எம்புதோ, அப்போ டீசல் கோடு அந்த முள்ளுக்கு நேரா நிக்கணும். அதுதான் டைமிங். அதே பம்ப்தானே, அநேகமா சரியாத்தான் இருக்கும். சும்மா ஒரு தடவை சரி பார்த்துக்கலாம்னுதான்."

சும்மா ஒரு தடவை. இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகை குறுகல். இன்ஜினுக்கு ஒரு பக்கம் அதைக் கையால் சுற்றிக் கிளப்புகிற ஹாண்டில், அங்கே சின்னவள் நின்றாள். எதிர்ப்பக்கம் சக்கரம். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒல்லியான ஆள் ஒருவர் நுழையலாம். நான் நுழைந்தேன். எப்படி நுழைந்தேன் என்பதைச் சின்னவளிடம் கேட்காதீர்கள், அவள் மிகைப்படுத்துவாள்.

சக்கரத்தில் துருவும் கிரீஸும் அடைபோல் அப்பியிருந்தன. மண்ணெண்ணெயும் வயர் பிரஷும் கொண்டு தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு தெரிந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினேன்.

"நகத்தை வச்சு இழுத்துப் பாருங்கக்கா" என்றார் வாசலிலிருந்தவர். "வெட்டுன கோடுன்னா நகம் உள்ள விழும்."

விழவில்லை. அது பெயிண்ட் வெடிப்பு.

"இது இல்ல. இன்னொண்ணு இருக்கு!"

அது சங்கிலி உரசிய கீறல். அடுத்தது வார்ப்பில் வந்த தழும்பு. அதற்கடுத்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிரஷிலிருந்து உதிர்ந்து கிரீஸில் ஒட்டிய கம்பி முடி. ஒவ்வொன்றுக்கும் "கிடைச்சிடுச்சு" என்று நான் கத்த, ஒவ்வொரு தடவையும் சின்னவள் எட்டிப் பார்க்க, அவளுடைய வீட்டுக்காரர் "நகம்?" என்று கேட்க, நான் "இல்ல" என்று முனக, இப்படியே நேரம் போனது.

கடைசியில் நகம் விழுந்தது. ஒரு கோடு. அங்கிருந்து மூன்று விரல் தள்ளி இன்னொன்று. இரண்டும் விளிம்புக்குக் குறுக்காக, சுத்தமாக, நேராக இருந்தன. நானே இழுத்தது மாதிரி அவ்வளவு நேர்த்தி. பக்கத்தில் ஏதோ எழுத்து இருந்திருக்கிறது, துரு தின்றுவிட்டது.

"ரெண்டும் கிடைச்சிடுச்சு. எது டீசல் கோடுன்னு எழுதல."

"பரவாயில்ல. சுத்திப் பார்த்தா எது முதல்ல முள்ளுகிட்ட வருதோ அதுதான்."

"எந்தப் பக்கமா சுத்தணும்?"

கண்ணுகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நான் கேட்டதும் அவர் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ யோசித்தார். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், அப்புறம் கையை மறுபக்கம் திருப்பி இன்னொரு வட்டம் போட்டார். பிறகு தீர்மானமாகச் சொன்னார்.

"இடப்பக்கமா சுத்துங்க."

இப்போது நான் யோசித்தேன். யோசிக்காமலே இருந்திருக்கலாம்.

தையல்காரிக்கு இடது வலது என்பது சாதாரண விஷயம் இல்லை. சட்டையை எதிரே விரித்து வைத்தால், சட்டையின் இடப்பக்கம் என் வலக்கைப் பக்கம் இருக்கும். ஏனென்றால் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவருடைய இடப்பக்கம் அது. இது தெரியாதவர்கள்தான் பையை மாற்றித் தைத்துவிட்டு, வாங்க வந்தவர் பேனாவை எங்கே குத்துவது என்று தடவும்போது முழிப்பார்கள். எங்கள் தொழிலில் இடப்பக்கம் என்றால் எதிரே இருப்பதன் இடப்பக்கம். இன்ஜின் எனக்கு எதிரே இருக்கிறது. ஆகவே அதன் இடப்பக்கம் என் வலப்பக்கம்.

இவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டு, மூளை இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, சக்கரத்தை வலப்பக்கமாகச் சுற்றினேன். இன்ஜினுக்குள் அழுத்தம் கட்டாமல் விடுகிற லீவரைச் சின்னவள் தூக்கிப் பிடித்திருந்ததால் அது வெண்ணெய் மாதிரி சுழன்றது. ஒரு கோடு முதலில் முள்ளுக்கு வந்தது. இடுப்பிலிருந்து சாக்கட்டியை எடுத்து அதன்மேல் அழுத்தமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். அழகாக இருந்தது.

"டீசல் கோட்டுக்குச் சாக் போட்டாச்சு மாப்ள!"

"சபாஷ். இப்ப பம்ப் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு, அவளை ஹாண்டிலை மெதுவா சுத்தச் சொல்லுங்க. டீசல் எம்பினதும் நில்லுன்னு சொல்லுங்க."

சின்னவள் சுற்றினாள். நான் பம்பின் வாயில் கண்ணை நட்டுவைத்தேன். நூல் கோக்கிற கண்ணாயிற்றே, சும்மாவா? வேறெதையும் பார்க்கவில்லை. டீசல் அசையாமல் கறுப்பாக நின்றது. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. சட்டென்று ஒரு கடுகு அளவுக்கு உப்பியது.

"நில்லு!"

நின்றாள். சக்கரத்தைப் பார்த்தேன். என் வெள்ளைக் கோடு முள்ளுக்கு மூன்று விரல் தள்ளி நின்றது. முள்ளுக்கு நேராக, ஏதோ அதற்காகவே பிறந்த மாதிரி, அந்த இன்னொரு கோடு சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

"உன்னை யாரு கேட்டா?" என்றேன் அதைப் பார்த்து.

"என்னக்கா?"

"உன்னை இல்லடி. மாப்ள, டைமிங் தப்பா இருக்கு. மூணு விரல் தப்பு."

"மூணு விரலா?" அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அவ்வளவு மாற வழியில்லையே. அதே பம்ப்தானே?"

"பட்டறைக்காரன் என்ன பண்ணானோ? நான் கண்ணால பார்க்கிறேன் மாப்ள, நீங்க கண்ணை மூடிக்கிட்டு இருக்கீங்க."

அதற்கு மேல் அவர் என்ன சொல்வார்? கண் இல்லாதவர், கண் இருக்கிறது என்று ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறவளை எதிர்த்துப் பேச முடியுமா? பம்புக்குக் கீழே ஒரு போல்ட் இருக்கிறது, அதன் லாக் நட்டைத் தளர்த்தி போல்ட்டைக் கீழே இறக்கினால் டீசல் தாமதமாகப் பாயும் என்று சொல்லிக்கொடுத்தார். சின்னவள் ஸ்பேனர் போட, நான் "இன்னும், இன்னும்" என்று உத்தரவு போட, திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்து, டீசல் எம்புவதும் என் வெள்ளைக் கோடு முள்ளுக்கு வருவதும் ஒன்றாக ஆகும் வரை இறக்கிக்கொண்டே போனோம். அந்த நட்டு பழைய இடத்தைவிட்டு வர மாட்டேன் என்று கீச்சிட்டது. அதற்காவது புத்தி இருந்திருக்கிறது.

பிறகு பம்ப் வாயில் டீசல் குழாயைப் பூட்டினோம். சின்னவள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஹாண்டிலை வேகமாகச் சுற்றி, லீவரைத் தட்டிவிட்டாள்.

இன்ஜின் ஒரு தடவை இருமியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. மறுபடி இருமியது, நின்றுவிட்டது. மறுபடி சுற்றினாள். மறுபடி புகை. சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான் அதைவிட அதிகமாக இருமினேன். மூன்றாம் தடவையும் அதேதான். சின்னவள் ஹாண்டிலை விட்டுவிட்டு முழங்காலில் கையை ஊன்றி நின்றாள். முகமெல்லாம் வேர்வை.

"வெள்ளைப் புகைன்னா டீசல் லேட்டாப் போகுதுன்னு அர்த்தம்" என்றார் வாசலிலிருந்தவர், மெதுவாக.

அந்த நேரத்தில் ஒழுங்கான மனுஷி என்ன செய்திருப்பாள்? "நான் ஏதாவது தப்பு பண்ணியிருப்பேன்" என்று சொல்லியிருப்பாள். நான் ஒரு சித்தாந்தத்தை அவிழ்த்துவிட்டேன்.

"மாப்ள, இது இந்த இன்ஜினோட சக்கரமே இல்ல."

"என்னது?"

"பழசா வாங்குன இன்ஜின்தானே? எவனோ வேற இன்ஜினோட சக்கரத்தைக் கழட்டி இதுல மாட்டி உங்க தலையில கட்டியிருக்கான். ஒருத்தர் அளவுக்கு வெட்டுன கையை இன்னொருத்தர் சட்டையில வச்சுத் தைச்சா எப்படி இருக்கும்? கை தூக்க வராது. அதான் இது."

இதை நான் அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னேன் என்பதற்கு ஒரே சாட்சி, அவ்வளவு தெரிந்த மனிதரே ஒரு நிமிஷம் அசந்துபோய், "இருக்கலாம்க்கா. வாங்கும்போது நான் மார்க்கெல்லாம் பார்க்கல" என்றதுதான். அவர் குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டுச் சின்னவள் எழுந்து போய்விட்டாள்.

நான் சுவர் இடுக்கிலிருந்து பிதுங்கி வெளியே வந்து பார்த்தபோது அவள் குளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. விடியற்காலையில்தான் மேலே வரும் என்று சொன்னேனே, அந்த மீன்கள் இப்போதே வந்துவிட்டன. இங்கொன்றும் அங்கொன்றுமாக வட்ட வட்ட வாய்கள் திறந்து மூடின. அவள் ஒரு பெரிய சட்டியில் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, ஊற்றினாள். மறுபடி மொண்டாள், தூக்கினாள், ஊற்றினாள். குளத்தின் அகலத்தைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன்.

"சின்னவளே, வெளிய வாடி. சளி பிடிச்சுக்கும்."

"நீ வீட்டுக்குப் போக்கா" என்றாள், திரும்பாமல். "இருட்டறதுக்குள்ள போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. தெருவோடு சேர்ந்து நான் சிரித்தபோதும் அவள் இப்படித்தான், திரும்பாமல், தீவனத்தைக் கலக்கிக்கொண்டு இருந்தாள்.

நானும் தண்ணீரில் இறங்கினேன். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டேன். சட்டியைப் பிடுங்கிக் கரையில் வைத்தேன். "இன்னும் ஒரே ஒரு தடவை சுத்திப் பார்க்கலாம் வா. அதுக்கப்புறம் உன்கூட நானும் மொண்டு ஊத்தறேன், விடியற வரைக்கும்."

"உன்னால ரெண்டு சட்டி தூக்க முடியாது."

"மூணு தூக்குவேன். வாடி."

வந்தாள். நான் மறுபடி இடுக்கில் நுழைந்தேன், ஒரு செருப்போடு. இன்னொன்று குளத்தோடு போயிற்று. இந்தத் தடவை பம்பைப் பார்க்கவில்லை. சக்கரத்தின்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம், அதையே முறைத்துக்கொண்டு நின்றேன். "சுத்து" என்றேன். சுற்றினாள்.

சக்கரம் தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

"ஏய்! எதுக்குடி பின்னாடி சுத்தற?"

"நான் எங்க பின்னாடி சுத்தறேன்?"

"என் கண்ணால பார்க்கிறேன்டி! பின்னாடிதான் சுத்தற! இதுவரைக்கும் இப்படியேதான் சுத்திக்கிட்டு இருந்தியா? அதான் புகையா வந்திருக்கு! நான் இங்க உயிரைக் கொடுத்துக் கோடு பார்க்கிறேன், இவ தலைகீழாச் சுத்திக்கிட்டு நிக்கிறா!"

"அக்கா, ஹாண்டில் ஒரு பக்கம்தான் பிடிக்கும்! அந்தப் பக்கம் சுத்தினா கழண்டு கையோட வந்துடும்! நான் நினைச்சாலும் பின்னாடி சுத்த முடியாது!"

"வாயை மூடு, சக்கரம் பின்னாடி போகுது!"

"கொஞ்சம் இருங்க, ரெண்டு பேரும்." வாசலிலிருந்தவர் எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, அப்ப நீங்க கோடு பார்த்தப்போ சக்கரத்தை எந்தப் பக்கமா சுத்துனீங்க?"

"வலப்பக்கமா."

"நான் இடப்பக்கமான்னுல்ல சொன்னேன்?"

"ஆமா. இடப்பக்கமான்னு சொன்னீங்க. அதனாலதான் வலப்பக்கமா சுத்தினேன்."

சொல்லி முடித்ததும் வெளியே ஒரு மீன் 'ளக்' என்று வாயைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"எதனால?" என்றார் அவர்.

"இன்ஜின் எதிர்ல இருக்குல்ல. அதோட இடப்பக்கம் எனக்கு வலப்பக்கம். தையல்ல அப்படித்தான்." சொல்லச் சொல்ல என் குரல் என்னை விட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"நான் எப்பவும் ஹாண்டில் பக்கம் நிக்கிறவன்க்கா. அங்கிருந்து பார்த்தா வலப்பக்கம் சுத்தும். நீங்க சக்கரத்துப் பக்கம் இருக்கீங்களேன்னுதான், யோசிச்சு, மாத்தி, உங்களுக்காக இடப்பக்கம்னு சொன்னேன்."

அவர் எனக்காக ஒரு தடவை திருப்பியிருக்கிறார். நான் அவருக்காக இன்னொரு தடவை திருப்பியிருக்கிறேன். சட்டையை உள்வெளியாகத் திருப்பி, அதை மறுபடி திருப்பினால் என்ன ஆகும்? பழைய சட்டைதான். முன்னே வர வேண்டிய கோட்டைப் பின்னே வருவது என்றும், பின்னே வர வேண்டியதை முன்னே வருவது என்றும் வைத்து, பிஸ்டன் கோட்டுக்கு டீசல் கோடு என்று சாக்கட்டியால் பெயர் சூட்டு விழாவே நடத்தியிருக்கிறேன். முள்ளுக்கு நேராக முதலிலேயே வந்து நின்ற அந்த நல்ல கோட்டைப் பார்த்து உன்னை யார் கேட்டா என்றும் அதட்டியிருக்கிறேன். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் இன்ஜின் மத்தியானமே ஓடியிருக்கும். சும்மா ஒரு தடவை சரி பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. இன்ஜினுக்கு மேலாக எட்டிப் பார்த்த சின்னவளுக்குத் தெரிந்தது. முதலில் அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்தாள். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"சட்டை கை... வேற சட்டையில தைச்ச கை..." என்று திக்கித் திக்கிச் சொல்லி மறுபடி சிரித்தாள்.

"சிரிச்சது போதும், ஸ்பேனரை எடு" என்றேன். "மீனுக்கு மூச்சு முட்டுது, இவளுக்கு இளிப்பு."

போல்ட்டை மறுபடி ஏற்றினோம். அளவு பார்க்க வேண்டிய வேலைகூட இல்லை. நட்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடம் போல்ட்டில் துரு வளையமாகத் தெரிந்தது. ஏற ஏற, அது தன் வீட்டுக்குப் போகிற மாதிரி அந்த வளையத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் பார்த்தோம். சின்னவள் மெதுவாகச் சுற்றினாள், டீசல் உப்பியது, நில்லு என்றேன். நான் அதட்டிய கோடு முள்ளுக்கு நேராக நின்றது. என் வெள்ளைக் கோடு மூன்று விரல் தள்ளி அசடு வழிந்தது. எச்சிலைத் தொட்டு அதை அழித்தேன்.

"மன்னிச்சுக்கோ" என்றேன் மற்ற கோட்டிடம், யாருக்கும் கேட்காமல்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. சுத்து."

வேகமாகச் சுற்றி லீவரைத் தட்டினாள். இன்ஜின் ஒரு தடவை தும்மி, ஒரு கறுப்பு வளையத்தைக் கூரைக்கு ஊதிவிட்டு, 'டக் டக் டக்' என்று பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது. குழாய் இரண்டு முறை காறி, சேற்றைத் துப்பி, பிறகு குளத்தின் குறுக்கே மழையாகப் பெய்ய ஆரம்பித்தது.

மூன்று பேரும் கரைக்குப் போனோம். வீட்டுக்காரரைச் சின்னவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். இருட்டு முழுதாக இறங்கவில்லை, தண்ணீரில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் எந்த மாற்றமும் இல்லை, வாய்கள் வாய்களாகவே இருந்தன. பிறகு மீன்கள் மெல்ல மெல்ல மழை விழுகிற பக்கமாக நகர்ந்தன. அந்த வெள்ளை நுரைக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நாங்களும் நின்றோம். கொஞ்ச நேரத்துக்குப் பின் ஒரு வாய் மறைந்தது. பக்கத்திலிருந்ததும் மறைந்தது. ஒவ்வொன்றாகக் கீழே போய்விட்டன.

"என்ன ஆச்சு? சொல்லுங்க, எனக்குத் தெரியல" என்றார் அவர்.

"உள்ள போயிடுச்சுங்க" என்றாள் சின்னவள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் கை. என் கையும் அப்படித்தான்.

அடுத்த நாள் மத்தியானம் மெக்கானிக் வந்தார். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டுவிட்டார் போலிருக்கிறது, பையைக்கூட இறக்கவில்லை.

"நல்லா இருக்கே டைமிங். யாரு வச்சது?"

நான் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டேன். பெருமை யாருக்குத்தான் பிடிக்காது?

"எங்கக்காதான் வச்சாங்க" என்றாள் சின்னவள். ஒரு நொடி விட்டு, "ரெண்டு தடவை" என்றாள்.

அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துச் சுவரில் இப்போது வெள்ளைப் பெயிண்டில் ஓர் அம்புக்குறி இருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றும் என்று காட்ட. கோடு போடுவது என் தொழில் என்பதால் அதை நான்தான் வரைவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். வரையட்டும் என்று சின்னவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் இன்ஜினை முதலில் ஓடவிட்டு, சக்கரம் என் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் பிரஷை என் கையில் கொடுத்தாள்.